சித்தம் கலங்கியவரின் சம்மதம்

1993ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு உயர்நீதிமன்றத்தில் ஒரு மனு விசாரணைக்கு வந்தது. குற்றம் புரிந்த மனநோயாளரைக் காவலில் வைத்துச் சிகிச்சை செய்யும் பிராட்மூர் மருத்துவமனையில் நெடுங்காலம் இருந்துவந்த 68 வயதான ஒருவருக்குப் பாதத்தில் அழுகல் கண்டு, முழங்காலுக்குக் கீழே காலைத் துண்டித்தாலன்றி அவர் பிழைப்பதற்கு நூற்றில் 15 பங்கு வாய்ப்பே உண்டு என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். மனச்சிதைவு நோய்க்கு ஆட்பட்ட அம்மனிதரோ, தாம் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் என்றும், தம் கைபட்ட நோயாளி ஒருவரேனும் மாண்டதில்லை என்றும் ஐயமற நம்பிக்கொண்டிருந்தவர். ஒற்றைக் காலோடு வாழ்வதைவிட இரு காலோடு இறப்பது தமக்கு உவப்பு என்றும், கடவுளும் நல்ல மருத்துவரும் நல்ல தாதியரும் துணைநிற்கத் தாம் பிழைத்துவிடலாம் என்றும் கூறி, அவர் துண்டிப்புக்கு இணங்க மறுத்துவிட்டார். காலை வெட்டாமல் செய்யத்தக்க சிகிச்சையை ஏற்றுக்கொண்டார். உடனடி அபாயமும் நீங்கிற்று. ஆயினும், இனி எக்காலத்தும் தம் சம்மதமின்றிக் காலைத் துண்டிப்பதில்லை என்று உறுதிமொழி தர மருத்துவமனை முன்வராதபோது, அவர் நீதிமன்றத்தை நாடினார்.

நீதிபதி தார்ப் அவ்வழக்கில் எழுப்பிய கேள்வி, ‘இவர் சித்தம் தெளிந்தவரா, கலங்கியவரா’ என்பதன்று. அதற்கு விடை எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. சொல்லப்பட்ட செய்தியை இவர் உள்வாங்கி நினைவில் நிறுத்துகிறாரா, அதனை மெய்யென்று நம்புகிறாரா, நம்பியதைத் துலாக்கோலில் இட்டு நிறுத்து ஒரு முடிவுக்கு வருகிறாரா என்ற மூன்றையே அவர் கேட்டார். மூன்றுக்கும் விடை ஆம் என்று வந்தது. அம்மனிதரின் மனத்தில் மயக்கம் நிறைந்திருந்தது உண்மையே எனினும், அந்த மயக்கத்தின் நிழல் இந்த ஒரு முடிவின்மேல் விழவில்லை என்று கண்டு, அவர் மறுப்பை மதிக்கவேண்டும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். காவலில் அடைபட்டிருந்த ஒரு மனநோயாளரின் ‘வேண்டாம்’ என்ற சொல், கற்றறிந்த மருத்துவர்களின் ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கு எதிரே நின்று வென்றது.

இந்தத் தீர்ப்பை வெறும் சட்ட நுணுக்கமாகக் கருதிக் கடந்துவிடுதல் தகாது. மனிதன் என்பவன் யார், அவன் செயலுக்கு அவனே கர்த்தா என்று எப்பொழுது சொல்லலாம், அறிவு மறைந்தபோது ஆன்மாவும் மறைந்துவிடுகிறதா என்ற பழம்பெரும் கேள்விகள் அனைத்தும் இங்கே ஒரு மருத்துவமனைக் கட்டிலின் அருகே வந்து நிற்கின்றன. நம் நாட்டில் 1912ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம் நெடுங்காலம் ஆண்டது. அடைக்கப்பட்டவரின் சம்மதம் என்ற பேச்சுக்கு அதில் இடம் மிகக் குறைவு. சித்தம் ஒருமுறை கலங்கியது என்று அதிகாரிகள் எழுதிவிட்டால், அம்மனிதனின் உணவும் உறக்கமும் மருந்தும் உடைமையும் பிறர் கைக்குப் போய்விடும். மக்கள் மனமும் அச்சட்டத்தைப் போன்றதே. 1794இல் சென்னையில் தொடங்கிப் பின்னர்க் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய மனநோய் மருத்துவமனையால், அந்த ஊரின் பெயரே நம் திரைப்படங்களிலும் தெருச்சண்டைகளிலும் ஏளனச் சொல்லாகிவிட்டது. இச்சொல்லைக் கேட்டுச் சிரித்துப் பழகிய ஒரு சமூகத்தில், அங்கே இருப்பவர் ஒருவர் ‘எனக்கு இந்த மருந்து வேண்டாம்’ என்று சொன்னால், அதனை ஒரு மனிதனின் தீர்மானமாகக் கேட்கும் செவி எளிதில் அமைவதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அடுத்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, இந்த வழக்கத்தைத் தலைகீழாக்க முயன்றது. மனநோய் உடையவர் உட்பட ஒவ்வொருவரும் தம் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் உடையவராகவே கருதப்படவேண்டும் என்பது அதன் நான்காம் பிரிவின் கருத்து. சொல்லப்படும் செய்தியை அறிதல், முடிவெடுத்தாலும் எடுக்காவிட்டாலும் விளையக்கூடியதை உணர்தல், தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு எவ்வகையாலோ தெரிவித்தல் என்ற மூன்றினை அது திறனின் அடையாளமாகக் கூறுகிறது. செய்தியை அவர் அறியும் எளிய மொழியிலும், வேண்டுமானால் சைகை மொழியிலும் படங்களாலும் சொல்லவேண்டும் என்று விதிக்கிறது. ஒருவர் எடுத்த முடிவு பிறர் கண்ணுக்குத் தவறாகத் தோன்றுவது ஒன்றையே காரணமாகக் கொண்டு அவருக்குத் திறனில்லை என்று சொல்லக்கூடாது என்றும் தெளிவாகக் கூறிவிடுகிறது. இது மிக உயர்ந்த வாக்கியம். நம் குடும்பங்களில் மனநோய் இல்லாதவர்க்கும் இந்த மரியாதை முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆனால் அந்த மூன்று அடையாளங்களில் ஒன்று இருந்தாலே போதும் என்று பொருள்படும்படி அப்பிரிவு எழுதப்பட்டிருப்பதை மருத்துவர் பலர் குறையாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள், அக்குறை உண்மையானது. ‘மாட்டேன்’ என்று வாய்திறந்து சொல்லமட்டுமே முடிந்தவரைத் திறனுள்ளவர் என்று கொள்வது, அவர் சுதந்திரத்தைப் போற்றுவதாகாது. அவரைத் தனியே விட்டுப்போவதாகும்.

இந்த மூன்றினையும் எண்ணும்போது, சைவ சித்தாந்தம் பயின்றவர்க்கு ஆன்மாவின் மூன்று சக்திகள் நினைவுக்கு வராமல் போகா. இச்சை, ஞானம், கிரியை என்னும் அம்மூன்றும் உயிருக்கு இயல்பாகவே உள்ளவை. ஆணவ மலத்தின் மறைப்பினால் அவை செயலற்றுக் கிடக்கின்றன. மாயையிலிருந்து தோன்றும் தத்துவங்களுள் கலை கிரியையையும், வித்தை ஞானத்தையும், அராகம் இச்சையையும் ஓரளவே விளக்கித் தருகின்றன என்பது சித்தாந்த நூல்களின் கொள்கை. சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டாரும் அவர் வழிவந்தோரும் மனநோய் மருத்துவம் எழுதப் புகவில்லை. அவர்கள் நோக்கம் வேறு. எனினும், அவர்கள் சொன்னதில் இரண்டு செய்திகள் இவ்விஷயத்தில் நமக்கு மிகவும் பயன்படுகின்றன. ஒன்று, சக்தி மறைந்திருத்தல் வேறு, இல்லாமற்போதல் வேறு என்பது. மற்றொன்று, மறைப்பு என்பது பித்துற்ற சிலர்க்கு மட்டும் உரியதன்று, பிறந்த உயிர் அனைத்துக்கும் உரியது என்பது. நாம் எல்லோரும் ஓரளவே விளங்கிய அறிவோடும், ஓரளவே நம் வசமான விருப்பத்தோடும்தான் வாழ்கிறோம் என்றால், திறனுள்ளவர் என்றும் திறனற்றவர் என்றும் மனிதரை இரு கூட்டமாகப் பிரித்து, நம்மை முதற்கூட்டத்தில் வைத்துக்கொண்டு பேசும் துணிவு சற்றே தணியவேண்டும்.

இது வெறும் பணிவுரையன்று. அமெரிக்க நாட்டில் அப்பல்பாம், கிரிஸ்ஸோ என்ற அறிஞர் இருவர் 1995இல் வெளியிட்ட பேராய்வில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மனச்சிதைவு நோயாளரையும், மனச்சோர்வு நோயாளரையும், நெஞ்சுவலி நோயாளரையும், நோயற்ற பொதுமக்களையும் ஒரே அளவையால் அளந்து பார்த்தனர். மனச்சிதைவு நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் எல்லா அளவைகளிலும் போதிய திறன் காட்டினர். நெஞ்சுவலிக்காரருள்ளும் சிலர் குறைவுபட்டனர். இலண்டனில் பொது மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வோ, 2004இல், உடல்நோய்க்காகச் சேர்க்கப்பட்டோருள் பத்தில் நால்வரேனும் அப்பொழுது முடிவெடுக்கும் திறனற்றிருந்தனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோரை அவர்களுடைய மருத்துவர்கள் அவ்வாறு கண்டுகொள்ளவே இல்லை என்றும் காட்டிற்று. கண்டுகொள்ளாமற்போன காரணம் எளியது. அவர்கள் எதனையும் மறுக்கவில்லை. தலையசைத்தார்கள், தாளில் கையொப்பமிட்டார்கள். மருத்துவர் சொன்னதற்கு உடன்படுகிறவரின் அறிவை எவரும் சோதிப்பதில்லை. மறுக்கிறவரின் அறிவே சோதனைக்கு உள்ளாகிறது. மனநோய் மருத்துவமனையில் இந்த ஓரவஞ்சனை இன்னும் கடுமையாகிவிடுகிறது. அச்சத்தால் இணங்கியவரும், மயக்க மருந்தின் கனத்தால் இணங்கியவரும், வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஆசையால் இணங்கியவரும் திறனுள்ளவராகக் கொள்ளப்பட, வாய்விட்டுக் காரணம் சொல்லி மறுத்தவர் ஒருவரே நோயின் வசப்பட்டவராகக் குறிக்கப்படுகிறார்.

இனி, அறிவு குறையாமலே திறன் குறையும் நிலை ஒன்று உண்டு. சிந்தனைக்கு மிகவும் அருமையான இடம் அதுவே. கடும் மனச்சோர்வில் ஆழ்ந்த ஒரு பெண்மணியிடம் மருத்துவர், ‘இம்மருந்தை உண்டால் சில வாரங்களில் குணம் காணலாம், உண்ணாவிட்டால் உயிருக்கே அபாயம் வரலாம்’ என்று சொல்ல, அவள் அதனை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஞானத்தில் பழுதில்லை. ‘தெரிகிறது, ஆனால் நான் குணமடைந்து யாருக்கு என்ன ஆகவேண்டும்’ என்று அவள் சொல்லும்போது, பழுது இச்சையில் இருப்பது புலனாகிறது. எதிர்காலம் என்பதே அவளுக்குத் தன்னுடையதாகத் தோன்றவில்லை. செய்தியை அறிதல் வேறு, அச்செய்தி தன்னைப் பற்றியது என்று உணர்தல் வேறு என்று மருத்துவ அறிஞர் இக்காலத்தில் பிரித்துக் காட்டுகிறார்கள். உணவை மறுத்து உடல் வற்றிப்போகும் இளம்பெண்களின் நோயிலும் இதுவே காணப்படுகிறது. உடலின் கணக்கு அனைத்தும் அவர்களுக்குத் தெரியும். மெலிவே மேலானது என்ற மதிப்பீட்டைத்தான் நோய் அவர்கள் உள்ளத்தில் நட்டுவிட்டது. இவர்களிடம் வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் இடுவதால் ஒன்றும் புலப்படாது.

ஆனால், ‘மதிப்பீடு பழுதுபட்டது’ என்று சொல்லத் தொடங்கிய அக்கணமே பெரியதோர் அபாயமும் தொடங்கிவிடுகிறது. எவருடைய மதிப்பீட்டைக் கொண்டு பழுது என்கிறோம்? இரத்தம் ஏற்பது தெய்வத்துக்கு விரோதம் என்று நம்பி, அதனால் உயிர் போகும் என்று தெரிந்தும் மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் சபையார் ஒருவரை நீதிமன்றங்கள் பல நாடுகளில் திறனுள்ளவர் என்றே ஏற்கின்றன. நம் முன்னோர் வடக்கிருத்தலைப் போற்றினர். தன் புதல்வரோடு பகைமை நேர்ந்து மனம் நொந்து உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த கோப்பெருஞ்சோழனைச் சான்றோர் பாடினர், பிசிராந்தையார் அவனருகே வந்து தாமும் உயிர்நீத்தார். சமண சமயத்தார் உண்ணாநோன்பிருந்து உயிர்துறக்கும் சல்லேகனையை 2015இல் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தடுக்க, உச்ச நீதிமன்றம் சில வாரங்களிலேயே அத்தடையை நிறுத்திவைத்தது. இவர்கள் உண்ணாமை விரதம் என்று வணங்கப்பட, மனநோய் மருத்துவமனையில் ஒருவர், ‘தெய்வம் உண்ணாதே என்றது’ என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டால் அது நோய்க்குறி என்று எழுதப்படுகிறதே, எது கொண்டு இரண்டையும் வேறுபடுத்துவது?

நம்பப்படும் பொருள் மெய்யா பொய்யா என்ற ஆராய்ச்சியால் இதனைத் தீர்க்க இயலாது. மருத்துவருக்கோ நீதிபதிக்கோ தெய்வத்தின் விருப்பத்தை அளக்கும் கருவி கிடையாது. பலர் நம்புவது பக்தி, ஒருவரே நம்புவது பித்து என்று தலையெண்ணித் தீர்ப்பதும் சரியன்று. அவ்வாறு பார்த்தால், பேயுருவை வேண்டிப் பெற்றுத் தலையால் கயிலை ஏறிய காரைக்கால் அம்மையாரும், இறைவனையே பித்தன் என்று அழைத்த சுந்தரரும் எந்தக் கணக்கில் சேர்வார்கள்? அதற்காக, பித்து யாவும் பேரருள் என்று புகழ்வதும் தவறு. கேளாத குரலைக் கேட்டு இரவெல்லாம் நடுங்குகின்றவரின் வேதனையை அருகிருந்து கண்டவர் எவரும் அப்படிப் புகழத் துணியார்.

என் மனத்துக்கு ஒப்பும் வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. விரதம் பூண்டவரிடம் கேள்வி கேட்கலாம். அவர் கேட்பார், மறுமொழி தருவார், தம் முடிவைத் தம் வாழ்நாள் முழுவதோடும் தொடுத்துக் காட்டுவார், மனம் மாறினால் விரதத்தை விடவும் அவருக்குக் கூடும். நோயின் பிடியிலிருக்கும் நம்பிக்கையோ கேள்வியை உட்புக விடுவதில்லை. அது அம்மனிதரின் பழைய அன்புகளையும் பழைய கடமைகளையும் பொருளற்றவையாக்கிவிடுகிறது. அதனை விட்டு விலகி நின்று அதனைப் பார்க்க அவரால் முடிவதில்லை. அவர் நம்பிக்கையை வைத்திருக்கவில்லை, நம்பிக்கை அவரை வைத்திருக்கிறது. உயிர் தான் சார்ந்த பொருளின் தன்மையையே தன் தன்மையாகக் கொண்டு நிற்கும் என்று சித்தாந்திகள் கூறுவதன் மிகக் கொடிய நிலை இது. ஆகவே, திறனை நிர்ணயிக்கப் புகுபவர் ஆராயவேண்டியது, அம்மனிதர் எதை நம்புகிறார் என்பதைக் காட்டிலும், எவ்வாறு நம்புகிறார் என்பதை. இதனை அறிய அவருடைய முந்தைய வாழ்க்கையை அறியவேண்டும். அதற்குப் பொழுது வேண்டும். பல நாள் பேசவேண்டும்.

இங்கிலாந்து நாட்டுச் சட்டத்தில் உள்ள முரண் ஒன்றையும் சொல்லவேண்டும். பிராட்மூர் மனிதர் தம் காலைத் துண்டிக்கவிடாமல் தடுக்கும் உரிமை பெற்றார். ஆனால் அதே மனிதர், தமக்கு மனநோய்க்காக இடப்படும் ஊசியை, எத்துணைத் தெளிவோடு காரணம் கூறி மறுத்தாலும், 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்படி அதனை அவர் சம்மதமின்றியே இடலாம். உடல்நோய்க்குத் திறனே உரைகல். மனநோய்க்கான மருந்துக்குத் திறன் ஒரு பொருட்டன்று. உடலை ஒருவனுடைய உடைமை என்று மதிக்கும் அறிவுலகம், மனத்தை அவ்வாறு மதிக்கத் தயங்குவது ஏனென்று விளங்கவில்லை. மனத்தை மாற்றும் மருந்து, காலை வெட்டும் வாளைவிட ஒருவனுக்கு அணுக்கமானதன்றோ?

இதற்கு மறுதலையான நிலையைக் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலம் மேற்கொண்டது. அங்கே, காவலில் வைக்கப்பட்டவரேயாயினும் திறனுள்ளவராயின் அவர் இசைவின்றி மருந்து தரலாகாது. இருதுருவ மனநிலை நோயுடைய ஒருவர், பௌதிக சாத்திரத்தில் முறையான பட்டம் பெறாமலே பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்ட கூர்மதியினர், மிரட்டல் குற்றத்துக்காக மருத்துவமனைக் காவலில் வைக்கப்பட்டார். முன்பு உண்ட மருந்துகள் தம் சிந்தனையை மழுங்கச் செய்தன என்றும், சிந்தனை மழுங்கிய வாழ்வு தமக்கு வாழ்வன்று என்றும் சொல்லி அவர் சிகிச்சையை மறுத்தார். 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் தலைமை நீதிபதி உட்பட மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அவருக்குத் திறன் உண்டு என்று தீர்ப்பளித்தது. நோய்க்கு மருத்துவர் இடும் பெயரை நோயாளி ஒப்புக்கொள்ளவேண்டுவதில்லை, தம் மனத்தில் நிகழ்வன தம்மைப் பாதிக்கின்றன என்று அவர் கண்டால் போதும் என்பது பெரும்பான்மையோர் கருத்து. மருந்தால் விளையக்கூடிய நன்மையை அவர் உணரவே இல்லை என்பது மற்ற மூவர் கருத்து. இரண்டாண்டுகள் கழிந்தன, நோய் முற்றி, அவர் மயக்க எண்ணங்களின் வசப்பட்டு உணவையும் நீரையும் விட்டு உயிருக்கு மோசமான நிலைக்கு வந்தார். அப்பொழுது திறனற்றவர் என்று முடிவு செய்யப்பட்டு மருந்து தரப்பட்டது. உடலும் மனமும் தேறின.

இதைக் கேட்டவர் பலர், பார்த்தீர்களா, முதலிலேயே மருந்து கொடுத்திருந்தால் இத்துணை ஆண்டுகள் பாழாகியிராவே என்பர். அவர்கள் சொல்லில் கருணை இருக்கிறது. அதனை நான் இகழமாட்டேன். மூளை ஒன்றே தம் செல்வம் என்று வாழ்ந்த அம்மனிதரின் அச்சமும் பொய்யன்று. அக்காலத்து மருந்துகள் சிந்தனையை மந்தமாக்கியதைச் சொன்ன நோயாளர் எண்ணிறந்தவர். தீர்ப்பு வழங்கிய அந்நாளில் அந்த மனிதரைப் பற்றி அந்நீதிமன்றம் சொன்னது சரியாகவே இருக்கலாம் என்று நான் எண்ணுகிறேன். ஆனால், காவல்மட்டும் செய்து, மருந்தும் இன்றி, மறுத்தவரோடு நாள்தோறும் அமர்ந்து பேசுவாரும் இன்றி ஒருவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது, அவர் சொல்லை மதித்ததாகுமா? ‘உன் முடிவு உன்னுடையது’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஒருவகைக் கைவிடலே.

நம் நாட்டில் நிகழ்ந்த கைவிடல் இன்னும் பச்சையானது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவின் அருளை நாடிவந்த மனநோயாளரைத் தங்கவைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில் தீப்பற்ற, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க வழியின்றி 25 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் தாய்தந்தையரும் உடன்பிறந்தாரும். மருத்துவத்தில் நம்பிக்கை இழந்தோ அதற்கு வழியின்றியோ, இறைவனிடத்தில் ஒப்படைத்தவர்கள். ஆனால் அந்தச் சங்கிலியைப் பூட்டுமுன், ‘இங்கே இருக்கச் சம்மதமா’ என்று அவர்களுள் எவரிடம் எவர் கேட்டிருப்பார்? கேட்கத் தேவையில்லை என்று எல்லோரும் கொண்ட முடிவிலிருந்தே அந்தச் சங்கிலி தொடங்குகிறது. 2017ஆம் ஆண்டின் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகவே தடைசெய்தது. அதனினும் முக்கியமாக, கேட்கவேண்டும் என்ற கடமையை விதித்தது.

எவ்வாறு கேட்பது என்பதில்தான் சித்தாந்தம் நமக்கு மீண்டும் துணைபுரிகிறது. கண்ணுக்குக் காணும் இயல்பு உண்டு. ஆயினும் ஒளி காட்டினாலன்றி அது காணாது. உயிரும் அவ்வாறே, காட்டக் காணும் இயல்பினது என்று சொல்லி, இறைவன் செய்யும் உதவியைக் காட்டும் உபகாரம் என்றும், உடன்நின்று தானும் காணும் உபகாரம் என்றும் சித்தாந்த நூல்கள் இரண்டாகப் பகுக்கின்றன. தானே அறியும் ஆற்றல் உயிருக்கு இல்லை என்பது அங்கே இழிவாகச் சொல்லப்படவில்லை. அது உயிரின் இயல்பு. இந்தக் கொள்கையை ஏற்றவர், திறன் என்பதை ஒருவனுடைய தலைக்குள் தனியே கிடக்கும் பொருளாக எண்ணி, அது இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்த்துச் சான்றிதழ் எழுத மாட்டார். நன்றாகக் காட்டப்பட்டதா என்று முதலில் கேட்பார். மருத்துவர் நோயாளிக்குப் புரியும் தமிழில் பேசினாரா. உறக்க மருந்தின் வேகம் தணிந்த வேளையில் பேசினாரா. காவலாளி அருகில் நிற்காமல், அவர் நம்பும் தங்கையோ நண்பரோ அருகில் இருக்கப் பேசினாரா. மருந்தின் தீமைகளையும் மறைக்காமல் சொன்னாரா. ஒருமுறை சொல்லிப் புரியாததை மறுநாள் வேறுவிதமாகச் சொன்னாரா? இவையெல்லாம் செய்த பின்னும் காணாவிட்டால் அப்பொழுது ‘திறன் இல்லை’ என்று சொல்லலாம். இவற்றைச் செய்யாமல் ‘திறன் இல்லை’ என்று எழுதிய மருத்துவர், நோயாளியின் நிலையை எழுதவில்லை. தாம் செய்த வேலையின் அளவையே எழுதியிருக்கிறார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2006இல் இயற்றிய உடன்படிக்கையை நம் நாடு மறு ஆண்டே ஏற்றுக்கொண்டது. அதன் பன்னிரண்டாம் உறுப்புக்கு விளக்கம் எழுதிய குழு, 2014இல், திறனைச் சோதிப்பது என்ற வழக்கத்தையே அறவே விடவேண்டும், ஒருவருக்குப் பதிலாக மற்றொருவர் முடிவெடுத்தல் எந்நிலையிலும் கூடாது, துணைசெய்தல் ஒன்றே முறை என்று கூறிற்று. துணையே முதன்மை என்ற பகுதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். சோதனையே கூடாது என்னும் பகுதியை ஏற்க மனம் துணியவில்லை. நினைவிழந்து கிடப்பவரும், தன் பிள்ளையையே பகைவன் என்று கண்டு உண்ண மறுப்பவரும் இவ்வுலகில் உண்டு. அவர்கள் வாயிலிருந்து வரும் ஒலியை முடிவு என்று பெயரிட்டு அழைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. நம் சட்டம் இடைவழியைத் தேர்ந்தது. நோயாளி தம் நியமனப் பிரதிநிதியின் துணையை ஏறக்குறைய நூற்றுக்கு நூறு வேண்டும் நிலையில் இருக்கும்போது, அப்பிரதிநிதி தற்காலிகமாகச் சம்மதம் தரலாம் என்கிறது. முடிவெடுத்தலில் பிறர் பங்கு உச்ச அளவை எட்டும்போதும் அச்சட்டம் அதனைத் ‘துணை’ என்றே அழைப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சித்தம் தெளிந்திருக்கும் காலத்தில் ஒருவர், ‘எனக்கு மீண்டும் நோய் வந்தால் இவ்வாறு சிகிச்சை செய்க, இவ்வாறு செய்யற்க’ என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் இச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு தருகிறது. கிரேக்கரின் பழங்கதையில் ஒடிசியசு, கடற்கன்னியரின் பாட்டில் மயங்கித் தான் கட்டவிழ்க்கச் சொன்னாலும் அவிழ்க்கலாகாது என்று தோழர்க்கு ஆணையிட்டுப் பாய்மரத்தோடு தன்னைக் கட்டச் செய்தானே, அத்தகைய ஏற்பாடு இது. தெளிந்த மனிதர் கலங்கிய மனிதரை ஆளலாமா, இருவரும் ஒருவரேயா என்று தத்துவம் பேசுவோர் வாதிப்பர். இருவரும் ஒருவரே என்றுதான் நான் கொள்கிறேன். கனவிலும் நனவிலும் உறக்கத்திலும் மாறாமல் ஓர் உயிர் தொடர்கிறது என்று கொள்ளும் மரபில் வந்தவருக்கு, நோயிலும் அவ்வுயிர் தொடர்கிறது என்பதில் ஐயம் இராது. அதனாலேயே, எழுதிவைத்த தாளை நோயாளியின் வாயை மூடும் முத்திரையாக எவரும் பயன்படுத்தக்கூடாது. கலங்கிய நிலையிலும் அவர் சொல்லும் சொல்லில் அந்த ஒருவரே பேசுகிறார். மருந்தால் நா வறள்கிறது என்று அவர் சொன்னால், திறனற்றவர் சொன்னதாயினும், அது கேட்கத்தக்க செய்தியே.

பிறர் ஆதரவோடு சேர்க்கப்பட்டவரின் திறனை ஏழு நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் ஆராயவேண்டும் என்றும், முப்பது நாட்களுக்கு மேல் தங்கவைத்தால் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை ஆராயவேண்டும் என்றும் சட்டம் விதித்திருக்கிறது. கனடா நாட்டு வழக்கு நமக்குக் கற்பிப்பதற்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு: திறன் என்பது நாளுக்கு நாள், விஷயத்துக்கு விஷயம் மாறுவது, இந்த வாரம் இல்லாதது அடுத்த வாரம் திரும்பி வரலாம். ஆனால் நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் அரசு மருத்துவமனையில், இரண்டு மூன்று மருத்துவரே உள்ள இடத்தில், அந்த ஏழாம் நாள் ஆராய்ச்சி, பழைய குறிப்பைப் பார்த்துப் புதிய தேதியிட்டுக் கையொப்பமிடும் சடங்காக எளிதில் மாறிவிடும். மருத்துவரைக் குறைகூறிப் பயனில்லை. ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் அமரப் போதிய ஆட்களை அரசு அமர்த்தவேண்டும், கற்ற செவிலியரும் மனநலச் சமூகப் பணியாளரும் அவ்வுரையாடலில் பங்குகொள்ள வேண்டும், நோயாளி சொன்ன காரணம் அவர் சொன்ன சொற்களிலேயே குறிப்பேட்டில் ஏறவேண்டும். சட்டத்தின்படி அமையும் மனநல மறுஆய்வு வாரியங்கள் முதலில் கேட்டுவாங்கிப் படிக்கவேண்டியது, ‘திறன் இல்லை’ என்ற முடிவையன்று, ஏழாம் நாள் அவரிடம் என்ன கேட்கப்பட்டது, அவர் என்ன சொன்னார் என்ற அந்தக் குறிப்பை.